செலவைக் குறைத்தால் இலக்கும் குறையும்: சிக்கனத்தின் இரட்டைக் கணக்கு

தனியார் நிறுவனத்தில் 30 வருடம் உழைத்து 58 வயதில் ஓய்வு பெறுகிறவருக்கு, பி.எஃப். உடன் சேர்ந்து வரும் ஓய்வூதியத் திட்டத்திலிருந்து மாதம் எவ்வளவு கிடைக்கும்? பெரும்பாலானவர்களுக்கு 7,000 ரூபாய்கூடத் தேறாது. இப்போதுள்ள விதிப்படி, சம்பளம் எவ்வளவு உயர்ந்தாலும் ஓய்வூதியக் கணக்குக்கு 15,000 ரூபாய்தான் உச்சவரம்பு. அதைப் பணிசெய்த ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுப்பார்கள். 20 வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர்களுக்கு 2 வருடம் கூடுதலாகச் சேர்ப்பார்கள். ஆக 15,000-ஐ 32-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்தால் 6,857 ரூபாய். கடைசி மாதத்தில் ஒன்றரை லட்சம் சம்பளம் வாங்கியவருக்கும் இதே தொகைதான். 2014-க்கு முன்பு உச்சவரம்பு 6,500 ரூபாயாக இருந்ததால், பழைய ஆட்களுக்கு இதைவிடக் குறையும்.

அரசு வேலை என்றால் கவலை இல்லை என்ற பேச்சும் 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு சேர்ந்த தமிழக அரசு ஊழியர்களுக்கு, ஊழியரும் அரசும் போடும் பணத்தைப் பொறுத்தே தொகை அமையும் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் வந்தபோதே ஆட்டம் கண்டுவிட்டது. சரி, 58 வயது வரை வேலை இருக்கும் என்றாவது சொல்ல முடியுமா? ஐ.டி. நிறுவனங்களிலும் தனியார் வங்கிகளிலும் விற்பனைத் துறையிலும் 45 வயதைத் தாண்டியவர்கள் என்ன பயத்தோடு அலுவலகம் போய் வருகிறார்கள் என்பது அவர்கள் வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும். வீட்டுக் கடன் இன்னும் 9 வருடம் பாக்கி, மகள் பிளஸ் 2 படிக்கிறாள். அந்த நேரம் பார்த்து ‘உங்கள் பதவி இனி தேவையில்லை’ என்று மின்னஞ்சல் வருகிறது. 40 வயதிலேயே வேலையை விட்டுவிட்டு ஊர்ப்பக்கம் தோட்டம் போட ஆசைப்படுகிறவர்களுக்கும் இந்த மின்னஞ்சலுக்குப் பயப்படுகிறவர்களுக்கும் கணக்கு ஒன்றுதான். என் அக்கறை அதிகமும் இரண்டாமவர்கள் மேல்.

அந்தக் கணக்கின் இலக்கு இதுதான்: சேர்த்து வைத்த பணத்திலிருந்து வரும் வருமானமே வீட்டுச் செலவுக்குப் போதுமானதாக இருக்க வேண்டும். அதன் பிறகு வேலைக்குப் போவதும் போகாததும் நம் விருப்பம்.

இதற்கு இன்றைக்குப் பரவலாகப் பேசப்படும் வடிவத்தைக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஜோ டொமிங்கஸ் என்ற அமெரிக்கர். நியூயார்க்கில் வறுமையில் வளர்ந்து, வால் ஸ்ட்ரீட்டில் பங்குச் சந்தை ஆய்வாளராக வேலை பார்த்தவர். 1969-இல், 30 வயதை ஒட்டிய காலத்தில் வேலையை விட்டார். 1997-இல் இறக்கும்வரை சம்பளத்துக்காக எந்த வேலையும் பார்க்கவில்லை. வால் ஸ்ட்ரீட்டில் இருந்தவர், பெரிய சம்பளம் வாங்கியிருப்பார், அதனால் முடிந்தது என்று தோன்றும். அங்கே அவரைவிடப் பல மடங்கு சம்பாதித்தவர்கள் கடைசிவரை வேலையை விட முடியாமல் இருந்தார்கள். டொமிங்கஸின் செலவு மிகக் குறைவு. சேர்த்ததை அமெரிக்க அரசின் கடன் பத்திரங்களில் போட்டு, அந்த வட்டிக்குள் வாழ்ந்தார்.

விக்கி ராபினோடு சேர்ந்து தன் முறையை 1992-இல் புத்தகமாகவும் எழுதினார். அதில் இரண்டு விஷயங்கள் நமக்கும் அப்படியே உதவும். ஒன்று, சுவரில் ஒட்டி வைக்கும் ஒரு தாள். மாதாமாதம் வரவை ஒரு கோடாகவும் செலவை ஒரு கோடாகவும் சேமிப்பிலிருந்து வரும் வருமானத்தை மூன்றாவது கோடாகவும் வரைய வேண்டும். மூன்றாவது கோடு செலவுக் கோட்டைத் தாண்டும் மாதத்தில் சம்பளத்தின் பிடி விட்டுப்போகிறது. இன்னொன்று, ஒரு மணி நேர உழைப்பின் உண்மையான விலையைக் கண்டுபிடிப்பது. 60,000 ரூபாய் சம்பளம், மாதம் 24 நாள், தினம் 8 மணி நேரம் என்று போட்டால் ஒரு மணிக்கு 312 ரூபாய் வருகிறது. ஆனால் 9 மணி நேரம் அலுவலகம், தாம்பரத்திலிருந்து ஓ.எம்.ஆர். போய்த் திரும்ப இரண்டரை மணி நேரம், பெட்ரோல், வெளிச் சாப்பாடு, உடுப்பு என்று வேலைக்காகவே ஆகும் செலவு 8,000 ரூபாய் என்று எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டால் மணிக்கு 188 ரூபாய்தான் தேறும். குடும்பத்தோடு ஒரு ராத்திரி ஹோட்டலில் சாப்பிட்டு 2,000 ரூபாய் பில் வந்தால், அது பயணமும் சேர்த்த கிட்டத்தட்ட ஒரு முழு வேலை நாள். இது தெரிந்த பிறகும் ஹோட்டலுக்குப் போகலாம். தெரியாமல் போவதற்கும் தெரிந்து போவதற்கும் மாதக் கடைசியில் வித்தியாசம் தெரியும்.

எவ்வளவு பணம் இருந்தால் போதும் என்ற கேள்விக்கு ஓரளவு திடமான பதிலைச் சொன்னவர் வில்லியம் பெங்கன். விண்வெளிப் பொறியியல் படித்து, பிறகு கலிஃபோர்னியாவில் நிதி ஆலோசகரானவர். 1926-லிருந்து இருந்த அமெரிக்கச் சந்தைத் தரவுகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வருடமும் ஒருவர் ஓய்வு பெற்றிருந்தால் அவருடைய பணம் எத்தனை வருடம் தாங்கியிருக்கும் என்று போட்டுப் பார்த்து 1994-இல் வெளியிட்டார். பாதிக்குப் பாதி பங்குகளிலும் அரசுப் பத்திரங்களிலும் வைத்து, முதல் வருடம் மொத்தத்தில் 4 சதவீதம் எடுத்து, பிறகு ஒவ்வொரு வருடமும் அந்தத் தொகையை விலைவாசி ஏறிய அளவுக்கு மட்டும் கூட்டிக்கொண்டே போனால், மிக மோசமான காலத்தில் ஓய்வு பெற்றவருக்கும் 30 வருடம் பணம் தாங்கியது. 1968 வாக்கில் ஓய்வு பெற்றவர்கள்தான் அந்த மோசமான காலத்தில் சிக்கியவர்கள். 1970-களின் பணவீக்கம் அவர்களைப் பாடாய்ப் படுத்தியது. 1998-இல் டெக்சாஸ் மாநிலத்தின் டிரினிட்டி பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் மூவர் செய்த ஆய்வும் ஏறக்குறைய இதே முடிவுக்கு வந்தது. 4 சதவீதம் என்றால் ஆண்டுச் செலவைப் போல 25 மடங்கு. ‘25 மடங்கு சேர்த்தால் போதும்’ என்று எல்லா இடத்திலும் கேட்கிறோமே, அது இங்கிருந்துதான் வந்தது.

இந்தக் கணக்கில் சம்பளம் எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இலக்கைத் தீர்மானிப்பது செலவு மட்டும்தான். அதனால்தான் சிக்கனத்துக்கு இரட்டைப் பலன். சம்பள உயர்வு வந்தால் சேமிப்பு கூடும், ஆனால் இலக்கு இருந்த இடத்திலேயே இருக்கும். உயர்வோடு சேர்ந்து செலவும் ஏறினால் இலக்கு இன்னும் தள்ளிப்போகும். செலவு குறைந்தாலோ சேமிப்பு கூடுகிறது, சேர்க்க வேண்டிய தொகையும் குறைகிறது. இரண்டு பக்கத்திலிருந்தும் தூரம் குறைகிறது.

அமெரிக்கக் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்து வைத்தால் ஆபத்து. பெங்கன் பார்த்தது 30 வருடம், 65 வயதில் ஓய்வு பெறுகிறவருக்கு. 45 வயதில் வேலையை விடுகிறவருக்கு 45 வருடம் வரை பணம் தாங்க வேண்டியிருக்கும். நம் பங்குச் சந்தைக்கு அவ்வளவு நீண்ட சோதனையை நடத்தத் தரவே போதாது. மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸின் அடிப்படை ஆண்டே 1978-79. இருக்கிற வரலாறும் மென்மையானது கிடையாது. 1992 ஏப்ரலில் சென்செக்ஸ் 4,500-ஐ நெருங்கியது. 11 வருடம் கழித்து, 2003 ஏப்ரலில், 3,000-க்குப் பக்கத்தில் நின்றது. அந்த இடைவெளியில் விலைவாசி மட்டும் நிற்காமல் ஏறிக்கொண்டிருந்தது. 1992-இல் ஓய்வு பெற்று, வருடா வருடம் பங்குகளை விற்று வாழ்ந்தவரை நினைத்துப் பாருங்கள். சந்தை பிறகு எவ்வளவோ உயர்ந்தது, ஆனால் அதை அனுபவிக்க அவரிடம் பங்குகள் மீதம் இருந்திருக்காது. ஓய்வின் முதல் பத்து வருடத்தில் சந்தை எப்படி இருக்கிறது என்பதுதான் மீதி வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது. அது யார் கையிலும் இல்லை.

‘எனக்குப் பங்கெல்லாம் வேண்டாம், வங்கியில் போட்டு வட்டி வாங்கிக்கொள்கிறேன்’ என்பவர்களுக்கும் நம் ஊர் வரலாற்றில் ஒரு பாடம் இருக்கிறது. அரசின் நீண்ட காலச் சேமிப்புத் திட்டமான பி.பி.எஃப். கணக்குக்கு 1986-லிருந்து 2000 ஜனவரி வரை 12 சதவீத வட்டி கிடைத்தது. 2003 மார்ச்சில் அது 8 சதவீதம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு 7.1 சதவீதம். வங்கி வைப்புகளுக்கும் இதே கதிதான். 1990-களின் நடுவில் 10 லட்சத்தைப் போட்டு, மாதம் 10,000 வட்டி வரும், இது போதும் என்று கணக்குப் போட்டவருக்குப் பத்து வருடத்துக்குள் அதில் பாதியளவே கையில் வந்தது, மளிகைச் செலவோ வெகுவாக ஏறியிருந்தது. டொமிங்கஸ் வாழ்ந்த காலத்தில் அமெரிக்கப் பத்திர வட்டி அதிகம். 1981-இல் 10 வருடப் பத்திரத்துக்கு 15 சதவீதத்துக்கும் மேல் போனது. பிற்காலத்தில் அவர் வழியைப் பின்பற்ற நினைத்தவர்களுக்கு அந்த வசதி இல்லை. அதனால் வட்டி வருமானத்தை முழுதாகச் சாப்பிட்டுவிடக் கூடாது. அதில் ஒரு பங்கை முதலோடு சேர்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் முதல் அப்படியே இருப்பது போலத் தெரியும், அதன் மதிப்பு கரைந்துகொண்டிருக்கும். 2009-லிருந்து 2013 வரை இந்தியாவில் விலைவாசி வருடத்துக்கு 9 சதவீதத்தை ஒட்டியோ அதற்கு மேலோ ஏறியது. அந்த நாளைய வைப்பு வட்டி இதற்கு ஈடுகொடுக்கவே திணறியது.

இதையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது, நம் ஊரில் 25 மடங்கை நம்பிச் சீக்கிரமே வேலையை விடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆண்டுக்கு 3 சதவீதம் மட்டும் எடுப்பது, அதாவது ஆண்டுச் செலவைப் போல 33 மடங்கு சேர்ப்பது, ஓரளவு நிம்மதியான இலக்கு. சேமிப்பின் வளர்ச்சியையும் விலைவாசி போக நிகரமாக 3 சதவீதம் என்று குறைத்தே எடுத்துக்கொள்கிறேன். கையில் எதுவும் இல்லாமல் தொடங்குகிறவர் வருமானத்தில் 10 சதவீதம் சேமித்தால் இலக்கை எட்ட 78 வருடம், அதாவது எட்டவே மாட்டார். 20 சதவீதம் சேமித்தால் 54 வருடம். 30 என்றால் 41. பாதியைச் சேமித்தால் 23. சம்பளம் 30,000 ரூபாயா 3 லட்சமா என்பதைப் பொறுத்து இந்த ஆண்டுகள் மாறாது, விகிதம் மட்டும்தான் கணக்கு. ‘மாதம் பத்து சதவீதம் எடுத்து வைத்தால் போதும்’ என்ற வழக்கமான அறிவுரை எவ்வளவு போதாது என்பதும் இதில் தெரிகிறது.

ஓர் உதாரணம் பார்ப்போம். திருச்சியில் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறார்கள், சேர்ந்து 80,000 ரூபாய் வருகிறது, 50,000 செலவு, 30,000 சேமிப்பு என்று வைத்துக்கொள்வோம். அவர்களுக்குத் தேவை இன்றைய மதிப்பில் 2 கோடி, அதற்கு 33 வருடம் ஆகும். செலவை மாதம் 8,000 குறைத்து 42,000-க்குள் வாழ்ந்தால் தேவை 1 கோடியே 68 லட்சமாக இறங்குகிறது, சேமிப்பு 38,000 ஆகிறது, காலம் 25 வருடமாகச் சுருங்குகிறது. மாதம் 8,000 ரூபாய்க்கு எட்டு வருட உழைப்பு மிச்சம்.

இந்த இடத்தில் பலரும் கேட்பது: ‘அதற்குப் பதிலாக அதிக வருமானம் தரும் முதலீட்டில் போட்டால் என்ன?’ நீண்ட காலத்தில் வருமான விகிதம் முக்கியம்தான். ஆனால் தொடக்க வருடங்களில் அதன் பங்கு மிகச் சிறியது. மாதம் 10,000 வீதம் 5 வருடம் 7 சதவீதத்தில் சேர்த்தால் 7 லட்சத்து 16 ஆயிரம் வரும். 12 சதவீதம் கிடைத்தால் 8 லட்சத்து 17 ஆயிரம். பழைய 7 சதவீதத்திலேயே மாதம் 12,000 போட்டால் 8 லட்சத்து 59 ஆயிரம். சந்தையோடு மல்லுக்கட்டி 5 சதவீதம் கூடுதலாகச் சம்பாதிப்பதைவிட, மாதம் 2,000 ரூபாய் கூடுதலாக மிச்சம் பிடிப்பது அதிகம் தருகிறது. அதில் நஷ்ட பயமும் இல்லை. மிச்சம் பிடிக்கும் வழியை விட்டுவிட்டு வருமானத்தைத் துரத்துகிறவர்கள்தான், மாதம் பத்து சதவீதம் இருபது சதவீதம் என்று ஆசை காட்டும் நிதி நிறுவனங்களில் போய் விழுகிறார்கள். அப்படி ஏமாந்தவர்களுக்காகத் தமிழ்நாட்டில் 1997-இலேயே தனிச் சட்டம் போட வேண்டி வந்தது. அதற்குப் பிறகும் புதுப்புதுப் பெயர்களில் அதே மோசடி நடந்துகொண்டேதான் இருக்கிறது. அதில் போவது பெரும்பாலும் மகளின் கல்யாணத்துக்கும் ஓய்வுக்காலத்துக்கும் வைத்திருந்த பணம். அதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் மனம் பதறுகிறது.

அந்த 8,000 ரூபாய் எங்கே இருக்கிறது? டீக்கடையில் இல்லை. தினம் இரண்டு டீயை நிறுத்தினால் மாதம் ஐந்நூறு, அறுநூறு மிஞ்சும், அதோடு மனிதர்களோடு பேசும் பத்து நிமிடமும் போய்விடும். பெரிய தொகைகள் வாழ்க்கையில் நாலைந்து முடிவுகளில் இருக்கின்றன: வீடு, வண்டி, பள்ளி, கல்யாணம். இந்த முடிவுகளை எடுக்கும் நாளில் குடும்பமே உணர்ச்சிவசப்பட்டிருக்கும், யாரும் கணக்கைக் கையில் எடுக்க மாட்டார்கள்.

வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 50 லட்சம் கடன், எட்டரை சதவீத வட்டி, 20 வருடம் என்றால் மாதத் தவணை 43,391 ரூபாய். கட்டி முடிக்கும்போது மொத்தம் 1 கோடியே 4 லட்சம் போயிருக்கும். நம் நகரங்களில் வீட்டின் விலையோடு ஒப்பிட்டால் வாடகை மலிவு. 80 லட்சம் ரூபாய் அடுக்குமாடி வீட்டுக்கு மாதம் 20,000 வாடகை என்றால் அது வருடத்துக்கு விலையில் 3 சதவீதம். எட்டரை சதவீதத்துக்குக் கடன் வாங்கி, 3 சதவீதத்துக்குக் கிடைக்கும் ஒன்றை வாங்குகிறோம். வீட்டுக்காரர் ‘காலி பண்ணுங்க’ என்று சொல்லும்போது ஏற்படும் அவமானத்தை எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியாது, அது எனக்குப் புரிகிறது. சொந்த வீடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 28 வயதில், இரண்டு பேர் சம்பளத்தையும் காட்டி, வங்கி தரும் உச்சபட்சக் கடனுக்கு மூன்று படுக்கையறை வீடு வாங்குவதைத்தான் வேண்டாம் என்கிறேன். ஒருவர் சம்பளத்தில் தவணை அடங்க வேண்டும். ஒருவர் சம்பளத்தில் குடும்பம், இன்னொருவர் சம்பளம் முழுக்கச் சேமிப்பு என்று கல்யாணமான முதல் மாதத்திலிருந்தே வைத்துக்கொண்ட தம்பதிகள், பெரிய சாமர்த்தியம் எதுவும் இல்லாமலே 40 வயதில் நல்ல நிலைமையில் இருப்பார்கள்.

காருக்கும் இதே கதை. 10 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 7 வருடம் என்றால் தவணை 16,000 ரூபாய். பெட்ரோல், இன்ஷூரன்ஸ், சர்வீஸ் தனி. வாரத்துக்கு ஒரு நாள் ஓடும் காருக்கு இது அதிகம். தேவைப்படும்போது வாடகைக் கார் பிடித்தால் இதில் நாலில் ஒரு பங்குகூட ஆகாது.

பள்ளிக் கட்டணம் வருடத்துக்கு ஒரு லட்சம் என்று வைத்தால், எல்.கே.ஜி. முதல் பிளஸ் 2 வரை ஒரு பிள்ளைக்கு 14 லட்சம். இதைப் பற்றி யோசிக்கும்போது நம் மாநிலத்துக்கே உரிய ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நடுத்தரக் குடும்பங்களின் செலவுப் பட்டியலில் பெரும்பகுதி, பொது வசதிகளை விட்டு விலகி வந்ததற்குக் கொடுக்கும் விலை. ரேஷன் கடை, அரசுப் பள்ளி, அரசு மருத்துவமனை, நகரப் பேருந்து, நூலகம் எல்லாமே இங்கே பல மாநிலங்களைவிட நன்றாக இயங்குகின்றன. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதலும் பொறியியல் போன்ற படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. பிள்ளையின் தேவையும் பள்ளியின் தரமும் ஊருக்கு ஊர் வேறுபடும், அதனால் எல்லோரும் அரசுப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் பள்ளி, மருத்துவமனை, வண்டி என மூன்றிலும் விலகிவந்துவிட்டு, மாதக் கடைசியில் காய்கறிக் கடையில் பேரம் பேசி மிச்சம் பிடிக்க நினைத்தால் எதுவும் நடக்காது. எந்த ஒன்றுக்குப் பணம் கொடுப்பது, எதற்குப் பொது வசதியை நம்புவது என்று குடும்பமாக உட்கார்ந்து முடிவெடுத்தாலே 8,000 ரூபாய்க்கு மேல் மிஞ்சும்.

கல்யாணத்துக்கு வருவோம். 27 வயதில் மண்டபம், சாப்பாடு, புகைப்படம் என்று கூடுதலாகச் செலவழித்த 10 லட்சம், விலைவாசி போக 3 சதவீதம் வளர்ந்திருந்தாலே 52 வயதில் இன்றைய மதிப்பில் சுமார் 21 லட்சமாகியிருக்கும். மொய் வரும் என்ற தைரியத்தில் கடன் வாங்குகிறவர்கள் உண்டு. மொய் என்பது திருப்பிச் செய்ய வேண்டிய கடன். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் மொய் விருந்துக்கு நோட்டுப் போட்டு எழுதி வைத்து, கூடுதலாகச் சேர்த்துத் திருப்பிச் செய்கிறார்கள். அங்கே அது ஒரு நிதி ஏற்பாடாகவே நடக்கிறது, கணக்கும் தெளிவாக இருக்கிறது. மற்ற ஊர்களில் கணக்கு வைக்காமல் வாங்கிவிட்டு, பிறகு ஆவணியிலும் தையிலும் வரிசையாகப் பத்திரிகை வரும்போது திண்டாடுகிறோம். வருடத்துக்கு மொய்க்கென்று ஒரு தொகையை வீட்டுச் செலவில் சேர்த்துவிடுவதுதான் சரி. உறவுகளை வெட்டிக்கொண்டு சேர்க்கும் பணம் முதுமையில் துணைக்கு வராது.

நகையும் அப்படித்தான் பார்க்கப்பட வேண்டும். தங்கம் சேமிப்புதான், ஆனால் செய்கூலியும் சேதாரமும் ஜி.எஸ்.டி.யும் விற்கும்போது திரும்பி வராது. போட்டுக்கொள்ள வாங்கும் நகையைச் செலவில் எழுதுங்கள்.

இங்கே இன்னொன்றையும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் சிக்கனம் என்ற பெயரில் நடந்ததில் பெரும்பங்கு பெண்களின் வயிற்றிலும் உடம்பிலும் நடந்தது. எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சியதைச் சாப்பிட்டு, மூட்டுவலிக்கு மருத்துவரைப் பார்க்காமல் தள்ளிப்போட்டு, சிறுவாட்டில் சேர்த்த பணத்தையும் குடும்பத்தின் அவசரத்துக்கு எடுத்துக் கொடுத்தவர்கள் அவர்கள். கணவர் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்க, மனைவி முன்பைவிட இரண்டு மடங்கு வேலை செய்து செலவைக் குறைப்பது யாருக்கான சுதந்திரம்? செலவுத் திட்டத்தை இருவரும் சேர்ந்து போட வேண்டும், வீட்டு வேலையையும் அதே தாளில் பங்கு பிரிக்க வேண்டும்.

மாதம் 15,000 ரூபாயில் நாலு பேர் வாழும் குடும்பத்திடம் போய்ச் சிக்கனம் பேசுவதும் நியாயமில்லை. அங்கே ஏற்கெனவே வெட்டுவதற்கு எதுவும் இல்லை. கூலி உயர்வதும் பொது வசதிகள் மேம்படுவதும்தான் அவர்களுக்கு வழி. இந்தக் கட்டுரையில் உள்ள கணக்கு, அடிப்படைத் தேவைகள் போக ஓரளவாவது மிஞ்சுகிறவர்களுக்கானது.

மிஞ்சுகிறவர்களும் சில இடங்களில் கை வைக்கக் கூடாது. சாப்பாட்டின் தரம் அதில் ஒன்று. மருத்துவக் காப்பீடு அதைவிட முக்கியம். அலுவலகம் தரும் குழுக் காப்பீடு வேலை போன அன்றே முடிந்துவிடும். 47 வயதில், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வந்த பிறகு தனியாகக் காப்பீடு எடுக்கப்போனால் பிரீமியமும் நிபந்தனைகளும் கழுத்தை நெரிக்கும். உடம்பு நன்றாக இருக்கும்போதே, அலுவலகக் காப்பீடு இருக்கும்போதே, சொந்தமாக ஒன்று எடுத்துவிட வேண்டும். 2024-இல் வந்த விதிமாற்றத்தின்படி, ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 3 வருடம். 65 வயதைத் தாண்டியவர்களுக்கும் வயதை மட்டும் காரணம் காட்டிக் காப்பீடு மறுக்கக் கூடாது என்ற நிலை வந்திருக்கிறது. தனிநபர் காப்பீட்டுக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை. ஆண்டு வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கிறது. ஒரே ஒரு அறுவை சிகிச்சை பத்து வருடச் சிக்கனத்தை விழுங்கிவிடும். நம் ஊரில் நன்றாக வாழ்ந்த குடும்பங்கள் கடனில் விழுந்த கதைகளைக் கேட்டுப் பாருங்கள், பாதிக்கு மேல் ஆஸ்பத்திரியில்தான் தொடங்கியிருக்கும்.

சேர்த்த பணத்தை எங்கே வைப்பது என்பதில் எனக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. முதலில் கிரெடிட் கார்டு பாக்கியை அடைத்துவிடுங்கள், அதன் வட்டி மாதம் மூன்றரை சதவீதத்துக்கு மேலும் போகிறது. அதை அடைப்பதைவிட லாபமான முதலீடு உலகத்தில் இல்லை. வேலை மாறும்போதெல்லாம் பி.எஃப். பணத்தை எடுத்துச் செலவழிக்காமல் புதிய கணக்குக்கு மாற்றுங்கள். 2024-25-க்கு அதன் வட்டி 8.25 சதவீதம், இவ்வளவு பாதுகாப்போடு இந்த வட்டி வேறெங்கும் எளிதில் கிடைக்காது. அப்புறம் ஒரு பி.பி.எஃப். கணக்கு, சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும், குறைந்த கட்டணமுள்ள ஒரு இண்டெக்ஸ் ஃபண்டில் மாதாந்திர முதலீடு. பெரும்பாலான சம்பளக் குடும்பங்களுக்கு இவ்வளவே போதும்.

33 மடங்கு என்ற எண்ணைப் பார்த்து மலைத்துப்போகவும் வேண்டாம். அங்கே போய்ச் சேரும்வரை பலன் இல்லை என்று ஆகாது. ஆறு மாதச் செலவு கையில் இருக்கும்போதே, சம்பளம் தாமதமானால் யாரிடமும் கைமாற்று கேட்க வேண்டியதில்லை. இரண்டு வருடச் செலவு சேர்ந்துவிட்டால், மரியாதை இல்லாமல் பேசும் மேலதிகாரியிடமிருந்து விலகி வேறு வேலை தேட முடியும், உடம்பு முடியாத அம்மாவோடு ஆறு மாதம் இருக்க முடியும். பத்து வருடச் செலவு இருந்தால் 50 வயதில் பாதிச் சம்பளத்துக்குப் பிடித்த வேலைக்குப் போகலாம். செலவு குறைவாக உள்ள குடும்பம் இந்த ஒவ்வொரு படியையும் சீக்கிரம் எட்டுகிறது, ஏனென்றால் அவர்களின் ‘இரண்டு வருடச் செலவு’ சிறிய தொகை.

உண்மையிலேயே வேலையை விடும் எண்ணம் இருந்தால், அதற்கு முந்தைய ஒரு முழு வருடத்தை ஒத்திகையாக எடுத்துக்கொள்ள வேண்டும். சம்பளம் முழுவதையும் வேறு கணக்குக்கு மாற்றிவிட்டு, போட்டு வைத்த திட்டத்தில் உள்ள மாதத் தொகையில் மட்டும் குடும்பம் நடக்கட்டும். தீபாவளி, பொங்கல், பள்ளிக் கட்டணம், காப்பீட்டுப் பிரீமியம், நாலு கல்யாணம், ஒரு காய்ச்சல், பழுதாகும் மோட்டார் எல்லாம் அந்த ஒரு வருடத்துக்குள் வந்துபோகும். தொகை போதவில்லை என்றால் மாதத்துக்கு எவ்வளவு போதவில்லை என்பது ரூபாய்க் கணக்கில் தெரிந்துவிடும், அதை 12-ஆலும் 33-ஆலும் பெருக்கினால் இன்னும் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பதும் தெரியும்.